பல்லு முளைக்கிற பிள்ளைக்கு லேஞ்சியோ, லண்டன் ஜெல்லோ, அம்மம்மாவின்ர தேனோ?

பிள்ளைக்கு வீணி வடியத் தொடங்கினா காணும், ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுவினம். அம்மம்மா முரசில தேன் தடவு எண்டுவா, பக்கத்து வீட்டு அன்ரி வசம்பு உரைச்சுக் குடு எண்டுவா, லண்டன் மச்சாள் வைபரில வந்து பார்சலில ஜெல் போட்டு விட்டிருக்கிறன் பூசிவிடு எண்டுவா, பாமசிக்காரர் பாணி ஒண்டை எடுத்து நீட்டுவார், கிளினிக் மிஸ்ஸி ஒண்டும் வேண்டாம் தானாச் சரிவரும் எண்டுவா. எல்லாரும் சொல்லிப்போட்டுப் படுத்திடுவினம், இரவு ரெண்டு மணிக்குப் பிள்ளையைத் தோளில போட்டுக்கொண்டு விறாந்தையில நடக்கிறது நாங்கள் தானே. அதால இதுகள் எல்லாத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பார்ப்பம். எது நல்லது எண்டு பொதுவாக் கேட்டா பதில் வராது, எங்கட வீட்டுக்கு எது நல்லது எண்டு தான் கேக்கோணும். லண்டனில பிழையில்லாத சாமான் ஒண்டு எங்கட வன்னியில, ஒட்டுசுட்டானில ஆபத்தா முடியலாம், ஏனெண்டு கீழ சொல்லுறன்.

முதல்ல உது பல்லுத்தானோ எண்டு பாருங்கோ. கீழ் முன்பல்லு ரெண்டும் தான் அநேகமா முதல் வரும், 6 மாசத்துக்கும் 10 மாசத்துக்கும் இடையில, பேந்து மேல் முன்பல்லு, ஒரு வயசு தாண்டி முதல் கடைவாய்ப் பல்லு, அதுக்குப் பிறகு தான் வேட்டைப் பல்லு, கடைசிக் கடைவாய்ப் பல்லு ரெண்டு வயசுக்கு அங்கால, மூண்டு வயசளவில 20 பல்லும் நிரம்பிடும். கொஞ்சம் முந்திப் பிந்தி வாறதுக்குப் பயப்பிடத் தேவையில்லை. கையை வடிவாச் சோப் போட்டுக் கழுவிப்போட்டு சின்னி விரலால கீழ் முரசைத் தடவிப் பாருங்கோ, பல்லு கிட்ட வந்திட்டுதெண்டா அந்த இடம் வீங்கிச் சிவந்து, நடுவில வெள்ளையா அரிசி முனை மாதிரி ஒண்டு விரலில கீறும். தேக்கரண்டியால கஞ்சி பருக்கேக்க டிக் எண்டு சத்தம் கேட்டா பல்லு வெளிய வந்திட்டுது எண்டு அர்த்தம். வீணி மட்டும் வடியுது, முரசில ஒண்டும் இல்லையெண்டா அது பல்லு எண்டு முடிவு கட்டாதேங்கோ, மூண்டு நாலு மாசத்திலயே எல்லாப் பிள்ளையும் வீணி வடிக்கத் தொடங்கும், கையையும் சூப்பும்.

அமெரிக்காவில கிளீவ்லாண்டில 125 பிள்ளைகளை நாளாந்தம் கவனிச்சு எழுதி 2000ஆம் ஆண்டில வெளியிட்ட ஆய்வொண்டு இருக்கு. பல்லு வெளிய வாறதுக்கு நாலு நாள் முந்தி, வாற நாள், பிறகு மூண்டு நாள், அவ்வளவுக்குள்ள தான் பல்லின்ர தொந்தரவு எல்லாம். கடிக்கிறது, வீணி, சிணுங்கல், நித்திரை குழம்பிறது, சாப்பாடு மறுக்கிறது, உடம்பு லேசாச் சுடுறது, இதுகள் தான் கண்டது. கடும் காய்ச்சல் பல்லோட சேர்ந்து வரேல்ல. இதை வைச்சுப் பார்த்தா ஒரு பல்லுக்கு ஒரு கிழமை சமாளிக்கிறது தான் எங்கட வேலை, அந்த ஒரு கிழமைக்கு எந்த அளவு பெரிய மருந்து தேவை எண்டு யோசிச்சுக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கோ.

என்ர கட்சி லேஞ்சிக் கட்சி, அதை முதலே சொல்லிப்போடுறன். ஒரு பருத்தி லேஞ்சி இல்லாட்டி மெல்லிய சீலைத்துணி, அவிச்சுக் காய வைச்சது, அதைக் கொதிச்சாறின தண்ணியில தோய்ச்சுப் பிழிஞ்சு ஒரு மூலையை முடிச்சுப் போட்டு குளிர விட்டுக் குடுத்தா பிள்ளை தானே பிடிச்சுக் கடிக்கும். குளிர் முரசின்ர வீக்கத்தை அடக்கும், கடிக்கேக்க வாற அமத்தம் நோவைக் குறைக்கும், ரெண்டும் ஒரே சாமானில கிடைக்குது, காசும் இல்லை. பிறிட்ஜ் இருக்கிற வீட்டில கீழ்த்தட்டில அரை மணித்தியாலம் வைச்சாக் காணும், ஐஸ் அறைக்குள்ள வைக்கக் கூடாது, ஐஸாக் கட்டிபட்டது முரசைப் புண்ணாக்கிப்போடும். பிறிட்ஜ் இல்லாத வீடு எங்கட பக்கம் இன்னும் இருக்குத்தானே, இருக்கிற வீட்டிலயும் கறண்ட் நிண்டா கதை முடிஞ்சுது. அப்பிடியெண்டா பிழிஞ்ச துணியை மூடியுள்ள சில்வர் ரம்ளருக்குள்ள போட்டு, மண்பானைக்குக் கீழ ஈர மண் இருக்குமே, அதுக்குள்ள பாதி தாட்டு வைச்சிடுங்கோ, மே மாச வெயிலிலயும் எடுக்கேக்க குளிர்ச்சி இருக்கும். பிறிட்ஜ் அளவு இல்லைத்தான், பிள்ளைக்கு அது காணும். ஒரே ஒரு கவனம், கடிச்சுப் போட்ட துணியை அப்பிடியே திருப்பித் தோய்ச்சுக் குடுக்கிறேல்ல, நாலைஞ்சு லேஞ்சி வைச்சு மாத்தி மாத்திப் பாவிச்சு பின்னேரம் எல்லாத்தையும் ஒண்டா அவிக்கிறது தான் லேசு.

லேஞ்சி குளிரக் கூட நேரமில்லையெண்டா விரல் இருக்கு. நகத்தை ஒட்ட வெட்டி, கையைக் கழுவி, வீங்கின இடத்தை மெல்ல மெல்ல ரெண்டு நிமிசம் அமத்தித் தேய்ச்சு விட்டா அனேகமான பிள்ளையள் அடங்கும். பால் குடுக்கிற அம்மாக்களுக்கு இது இன்னும் உதவும், குடுக்க முந்தித் தேய்ச்சு விட்டா கடி குறையும். அப்பிடியும் கடிச்சா பிள்ளையை வெடுக்கெண்டு இழுக்காதேங்கோ, புண்படுறது நீங்கள் தான், பிள்ளையை இன்னும் நெஞ்சோட அணைச்சா மூச்செடுக்க வாயைத் திறக்கும், இல்லாட்டி கடைவாயால விரலை விட்டு எடுக்கலாம். கடிக்குது எண்டு பால் நிப்பாட்டச் சொல்லுற ஆக்களும் இருக்கினம், அவைக்குத் தலையாட்டிப்போட்டு உங்கட பாட்டில குடுங்கோ, பல்லு நோவுக்குப் பிள்ளை முதல் தேடுற மருந்து அது தானே.

ரீத்தர் எண்டு சொல்லுற றப்பர் வளையமும் கிட்டத்தட்ட லேஞ்சி செய்யிற வேலையைத் தான் செய்யும், நோவுக்கு ரெண்டும் ஒண்டு. லேஞ்சியை விட ஒரு நன்மை, கொஞ்சம் பெரிய பிள்ளை தானே பிடிச்சுக்கொண்டு நெடுநேரம் விளையாடும். வாங்கிறதெண்டா உள்ளுக்குத் தண்ணி இல்லாத, முழுத்துண்டா வார்த்த சிலிக்கன் வளையமா வாங்குங்கோ. தண்ணி நிரப்பினது பல்லு வந்த பிறகு ஓட்டையாகும், உள்ளுக்கு இருக்கிற தண்ணி பிள்ளையின்ர வயித்துக்கு, அவிச்சுக் கழுவவும் ஏலாது. எங்கட முத்தத்தில கோழி, ஆடு, நாய் எல்லாம் திரியும், வளையம் அஞ்சு நிமிசத்துக்கொருக்கா நிலத்தில விழும், அவிக்க ஏலாத சாமான் எண்டா வேண்டவே வேண்டாம். அதுக்கு நூல் கட்டிப் பிள்ளையின்ர கழுத்தில தொங்க விடுறதும் கூடாது.

கழுத்து எண்டோன்ன வெளிநாட்டுப் பார்சலில வாற அம்பர் மாலையையும் சொல்லிப்போடுறன். மஞ்சள் மணி மாலை, உடம்புச் சூட்டில அதுக்குள்ளால மருந்து கசிஞ்சு நோவைக் குறைக்கும் எண்டு விக்கினம், அப்பிடிக் கசியுது எண்டதுக்கு ஒரு ஆதாரமும் இல்லை. பகல் நித்திரையில இந்த மாலை கழுத்தை நெரிச்சு 18 மாசப் பிள்ளை ஒண்டு செத்ததையும் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018 டிசெம்பரில இதைப் போடாதேங்கோ எண்டு எச்சரிச்சது. இதை வாசிச்சுப்போட்டு வெள்ளைக்காரரைப் பார்த்துச் சிரிக்க முந்தி எங்கட பிள்ளையின்ர கழுத்தையும் ஒருக்காப் பாருங்கோ, துடக்குக் கழிவில போட்ட பஞ்சாயுதச் சங்கிலி, நாவூறுக்குக் கட்டின கறுத்த நூல். பல்லு முளைக்கிற பிள்ளை அதைத் தான் இழுத்து வாயில வைக்கும். படுக்கப் போடேக்க கழட்டி வைச்சா சாமி கோவிக்க மாட்டார்.

சாப்பாட்டுச் சாமானில கடிக்கக் குடுக்கிறது பிள்ளைக்கு நல்லாப் பிடிக்கும், ஆனா வீட்டில ஆக்கள் கவனிக்காமல் விடுறதும் உதில தான். குளிர வைச்ச கெக்கரிக்காயை விரல் நீளத்துக்கு வெட்டி வலைப்பைக்குள்ள போட்டுக் குடுக்கலாம், வாழைப்பழத்தையும் அப்பிடித் தான், அதுவும் ஆறு மாசம் முடிஞ்சு சாப்பாடு தொடங்கின பிள்ளைக்கு, நீங்கள் பக்கத்தில இருக்கேக்க. பச்சைக் கரட் வேண்டாம், முன்பல்லு ரெண்டு வந்த பிள்ளை அதில துண்டைக் கடிச்செடுக்கும், அரைக்கிற பல்லு இல்லை, நேர தொண்டை. அவிச்ச பனங்கிழங்கு நல்லாக் கடிபடும் எண்டு குடுக்கிற பழக்கம் இருக்கு, அந்தத் தும்பு தொண்டையில சிக்கும். ரஸ்க்கும் பிஸ்கட்டும் வாயில ஊறிக் கட்டியா உடையும், சீனி வேற முளைக்கிற பல்லிலயே ஒட்டிக்கொண்டு இருக்கும். ஏ9 றோட்டால பஸ்ஸில வந்தா முறிகண்டியில இறங்கிக் கும்பிட்டுக் கச்சான் வாங்காமல் ஆரும் வாறேல்ல, பிள்ளை கையை நீட்டுது எண்டு ஒரு கொட்டையை உடைச்சுக் குடுக்க ஒரு மாமா எப்பிடியும் அந்த பஸ்ஸுக்குள்ள இருப்பார். கச்சான் மூச்சுக்குழாய்க்குள்ள போனா கிளிநொச்சி ஆசுப்பத்திரி வரைக்கும் தாங்காது, மாமா கோவிச்சாலும் பரவாயில்லை.

இனி அம்மம்மாவின்ர பக்கம். அம்மம்மா சொல்லுறது எல்லாம் பிழையெண்டு நான் சொல்ல வரேல்ல, விரலால தேய்க்கிறதும் ஈரத்துணி குடுக்கிறதும் அவை சொல்லித்தந்தது தான், நாடியில வீணி பட்டுச் சிவந்தா தேங்காயெண்ணெய் பூசுறதும் அவையின்ர தான், அது நல்ல வேலை செய்யும். தேனில மட்டும் விட்டுக்குடுக்க மாட்டன். வன்னிக் காட்டுத்தேன் நல்ல தேன் தான், அதில ஒரு குறையும் சொல்ல ஏலாது, ஆனா எந்த நல்ல தேனிலயும் பொட்டுலிசம் கிருமியின்ர வித்து இருக்கலாம், பெரிய ஆக்களின்ர வயித்தில அது முளைக்காது, ஒரு வயசுக்குள்ள பிள்ளையின்ர குடலில முளைச்சு நஞ்சு விடும், பிள்ளை சோர்ந்து, பால் உறிஞ்ச ஏலாமல், மூச்சு விடவும் கஷ்டப்படும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. ஒரு வயசு முடியும் வரைக்கும் சூப்பியில தொட்டுக் குடுக்கிறது, விரலில தொட்டுத் தடவுறது ரெண்டும் வேண்டாம். வசம்பு சுட்டு உரைச்சு நாக்கில வைக்கிறதும் அப்பிடித் தான், அதில பீட்டா அசரோன் எண்ட பதார்த்தம் இருக்கு, அமெரிக்காவில 1968இலயே வசம்பைச் சாப்பாட்டில சேர்க்கக் கூடாதெண்டு தடை போட்டிட்டினம். பல்லு நோவுக்குக் கராம்பெண்ணெய் எண்டு பெரிய ஆக்களுக்குச் சொல்லுற வைத்தியத்தைப் பிள்ளைக்குச் செய்தா அது ஈரலைப் பழுதாக்கும், கொஞ்சம் விழுங்கினாலே. சாராயம் தொட்டுத் தடவுறதைப் பற்றி எழுதவே தேவையில்லை.

லண்டன் ஜெல்லுக்கு வருவம். பார்சல் உடைச்சோன்ன சொக்லேட்டுக்குக் கீழ ஒரு சின்னக் குழாய் இருக்கும், அநேகமா பொஞ்செலா. அதில ரெண்டு மூண்டு வகை இருக்கு எண்டு அனுப்பிற ஆளுக்கும் தெரியாது, வாங்கிற எங்களுக்கும் தெரியாது, அது தான் சிக்கலே. பெரிய ஆக்களின்ர வாய்ப்புண்ணுக்கு வாற வகையில கோலின் சாலிசிலேட் இருக்கு, அது அஸ்பிரினின்ர சொந்தம், றை நோய் எண்டு ஈரலையும் மூளையையும் தாக்கிற வருத்தத்துக்குப் பயந்து 16 வயசுக்குக் கீழ உள்ள ஆருக்கும் பூசக்கூடாதெண்டு பிரித்தானியாவில 2009இல மாத்தினவை. பல்லு முளைக்கிற பிள்ளைக்கெண்டு வாறதில லிக்னோகெயின் எண்ட மரக்க வைக்கிற மருந்து, அதையும் 2018 கடைசியில அங்க பாமசிக்காரரோட கதைச்சுத் தான் வாங்கலாம் எண்டு ஆக்கிப்போட்டினம். அமெரிக்கா, கனடாவில இருந்து வாற ஜெல்லில பென்சோகெயின் இருக்கலாம், அது ரத்தம் ஒட்சிசன் காவிறதைக் குழப்பும், சொண்டு நீலம் பாரிக்கும், 2011இல எச்சரிச்சு 2018இல ரெண்டு வயசுக்குக் கீழ விக்க வேண்டாம் எண்டு அந்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே சொல்லிட்டுது.

சரி, ஆபத்தை ஒரு பக்கம் வைப்பம், வேலை செய்யுதோ எண்டு பார்த்தா அதுவும் இல்லை. இவ்வளவு வீணி வடியிற வாயில பூசினது எத்தினை நிமிசத்துக்கு நிக்கும்? முரசில இருந்து கழுவுப்பட்டுத் தொண்டைக்குப் போகும், தொண்டை மரத்தா விழுங்கிறது பிசகும், அழுகை நிக்கேல்ல எண்டு நாங்கள் இன்னொருக்காப் பூசுவம், அங்க தான் அளவு கூடுறது. லண்டனில ஏதும் நடந்தா அம்புலன்ஸ் வாசலுக்கு வரும். துணுக்காயில உள் றோட்டில இருக்கிற ஆள் இரவில ஓட்டோ பிடிச்சு எப்ப போய்ச் சேருறது? மச்சாளுக்கு நன்றி சொல்லிப்போட்டு குழாயைப் போட்டிடுங்கோ, அடுத்த பார்சலில நல்ல தேர்மோமீற்றர் ஒண்டு வைக்கச் சொல்லுங்கோ, அது இதை விடப் பத்து மடங்கு உதவும்.

லேஞ்சியும் விரலும் பத்தாமல், பிள்ளை இரவு முழுக்க நித்திரையில்லாமல் அழுதா பனடோல், அதாவது பரசிற்றமோல், பாணி குடுக்கலாம், அதில பாவம் ஒண்டும் இல்லை. ஆனா அளவு வயசுக்கு இல்லை, நிறைக்கு. கிலோவுக்கு 10 தொடக்கம் 15 மில்லிகிராம், 8 கிலோப் பிள்ளைக்கு 80 தொடக்கம் 120, பாணி அநேகமா 5 மில்லியில 120 மில்லிகிராம் எண்டு வாறதால அந்தப் பிள்ளைக்கு 5 மில்லியைத் தாண்டத் தேவையில்லை. ஆறு மணித்தியாலம் இடைவெளி, ஒரு நாளில நாலு தரத்துக்கு மேல இல்லை. போத்தலைத் திருப்பி எழுத்தைப் பாருங்கோ, சொட்டு மருந்தா வாற சிலது ஒரு மில்லியிலயே 100 மில்லிகிராம், அதைப் பாணி எண்டு நினைச்சு ஊத்தினா ஈரல் போயிடும். தேக்கரண்டி வேண்டாம், ஊசி இல்லாத சிரிஞ் பாமசியில கேட்டாத் தருவினம். நிறை எவ்வளவு எண்டு கிளினிக் கார்ட்டில மிஸ்ஸி எழுதி வைச்சிருப்பா. பேர் தெரியாத பல்லுப் பாணி எதையும் வாங்காதேங்கோ, நைஜீரியாவில 2008இல பல்லு முளைக்கிற பிள்ளையளுக்கெண்டு வித்த பாணியொண்டில நஞ்சுக் கரைப்பான் கலந்து 84 பிள்ளையள் செத்தது, அதுவும் கடையில லேபல் ஒட்டி வித்த சாமான் தான்.

இந்த இடத்தில தான் லண்டனும் வன்னியும் பிரியிறது. அங்க பல்லு நோவுக்கு நியூரோபன் குடுப்பினம், அதில இருக்கிறது ஐபுபுரூபன், மூண்டு மாசம் தாண்டின பிள்ளைக்கு அங்க அது சாதாரணம், பனடோலை விட நெடுநேரம் கேக்கும், வீக்கமும் வத்தும். பனடோலையும் அதையும் வெறும் நோவுக்கு வைச்சுப் பார்த்தா நியூரோபன் தான் ஒரு படி மேல எண்டும் சொல்லலாம். ஆனா லண்டனில டெங்கு இல்லை. எங்களுக்கு ஐப்பசி மழை தொடங்கினா தை வரைக்கும் நுளம்பு தான், பல்லு எண்டு நினைச்சு நியூரோபன் குடுத்த பிள்ளைக்கு உள்ளுக்கு டெங்கு இருந்தா ரத்தம் கசியிறதை அது கூட்டிப்போடும். டெங்கு சந்தேகம் இருக்கேக்க ஐபுபுரூபனும் அஸ்பிரினும் குடுக்கக் கூடாதெண்டு ஒவ்வொரு ஆசுப்பத்திரிச் சுவரிலயும் ஒட்டி இருக்கு. டொக்டர் பார்த்துச் சொன்னாலொழிய இஞ்ச வீட்டில பனடோல் மட்டும்.

பனடோல் குடுக்கிறதிலயும் ஒரு விசயம் இருக்கு, காய்ச்சலை அது மறைக்கும், அதால குடுக்க முந்தி உடம்புச் சூட்டைப் பாருங்கோ. 38 பாகைக்கு மேல நிண்டா அதைப் பல்லுக் கணக்கில எழுதாதேங்கோ. பல்லுக் காய்ச்சல், பல்லு வயித்தோட்டம் எண்டு ரெண்டு சொல்லு எங்கட ஊரில நல்லாப் புழங்குது. ஏன் அப்பிடி நினைக்கிறம் எண்டா, ஆறாம் மாசத்தில எல்லாம் ஒண்டா வரும், அம்மாவிட்ட இருந்து கிடைச்ச எதிர்ப்புச்சக்தி குறையத் தொடங்குது, பிள்ளை தவண்டு முத்தத்தில கிடக்கிறதெல்லாத்தையும் வாயில வைக்குது, புதுச் சாப்பாடும் தொடங்குது, அதே நேரம் பல்லும் எட்டிப் பார்க்குது, பழி பல்லில விழுகுது. ஆறாம் மாச ஊசிக்கும் ஒண்டு ரெண்டு நாள் காய்ச்சல் வரும், ஒன்பதாம் மாசம் சின்னமுத்து வராமல் இருக்கப் போடுற எம்எம்ஆர் ஊசிக்கு ஒரு கிழமை கழிச்சும் வரும், ஊசி போட்ட திகதியைக் கார்ட்டில பாருங்கோ. முந்தி வன்னியில காய்ச்சலெண்டா மலேரியா எண்டு ரத்தம் குத்திப் பார்ப்பினம், 2016இல உலக சுகாதார நிறுவனம் இலங்கையில மலேரியா இல்லையெண்டு அறிவிச்சதோட அந்தப் பயம் போட்டுது, காய்ச்சலைப் பொருட்படுத்தாமல் விடுற பழக்கமும் அதோட சேர்ந்து வந்திட்டுதோ எண்டு எனக்கொரு யோசனை. வயித்தால போனா ஜீவனி எண்ட உப்புக்கரைசல் பைக்கற்றைக் கரைச்சுக் குடுங்கோ, பாலும் குடுங்கோ, சலம் குறைஞ்சா, அழேக்க கண்ணீர் வரேல்லையெண்டா, சத்தி நிக்கேல்லையெண்டா, பிள்ளை சோர்ந்து கிடந்தா, விடியட்டும் எண்டு பார்க்காமல் வெளிக்கிடுங்கோ. ஒரு வயசுக்குள்ள பிள்ளைக்கு 38ஐத் தாண்டின காய்ச்சலெண்டா அண்டைக்கே காட்டுறது தான் சரி.

வேலைக்குப் போற அம்மாக்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கு. கார்மென்ட்ஸுக்கோ கந்தோருக்கோ போனா பின்னேரம் வரைக்கும் பிள்ளை அம்மம்மாவோட, கண் பார்வை குறைஞ்ச ஆளிட்ட பாணிப் போத்தலையும் சிரிஞ்சையும் குடுத்திட்டுப் போனா அளவு பிசகும், ஒருக்காக் குடுத்ததை மறந்து இன்னொருக்காவும் குடுப்பினம். அவவிட்ட அவிச்ச லேஞ்சி நாலும் சிலிக்கன் வளையம் ஒண்டும் விட்டிட்டு, போத்தலை அலுமாரிக்கு மேல வையுங்கோ. காய்ச்சல் எண்டா போன் எடுக்கச் சொல்லுங்கோ. தேன் போத்தலையும் அதோட சேர்த்து மேல வைச்சா நல்லது, அதுக்கு வீட்டில ஒரு சின்னச் சண்டை வரும், வரட்டும்.

பல்லு வந்த அண்டைக்கே துடைக்கத் தொடங்கோணும், பிள்ளைகளுக்கெண்டு வாற மெல்லிய பிரஷ்ஷில அரிசியளவு புளோரைட் பற்பசை காணும், இரவு படுக்க முந்தி கட்டாயம். ஒரு வயசு தாண்டியும் ஒரு பல்லும் காணேல்ல எண்டா பல்லு டொக்டரிட்ட ஒருக்காக் காட்டலாம். பிறகென்ன, சனத்துக்குச் சொல்லிப் பல்லுக்கொழுக்கட்டை அவியுங்கோ, பாயில இருத்தி வெள்ளைத் துணி பிடிச்சுத் தலையில கொட்டேக்க கொழுக்கட்டை சூடாறினதோ எண்டு கையால பார்த்துக் கொட்டுங்கோ, பல்லு மாதிரிக் குத்தி வைச்ச தேங்காய்ச் சொட்டு கழண்டு மடியில விழும், பிள்ளை முன்னால வைச்ச புத்தகத்தையும் பேனையையும் விட்டிட்டு அதைத் தான் முதல் எடுத்து வாயில வைக்கும், போட்டோ எடுக்கிற ஆக்களை நம்பாமல் ஒராள் கிட்ட இருந்து பொறுக்கோணும்.